சுவருக்கு லைசென்ஸ் இல்லை

சென்னையில் உங்கள் வீட்டுக்குள் மின்சார ஒயர் இழுக்க வேண்டுமென்றால், அந்த வேலையை எடுப்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். ஒயர்மேனுக்குத் தகுதிச் சான்று உண்டு, அவருக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசருக்கும் உண்டு. கழிவுநீர்க் குழாயைத் தெருக் குழாயோடு சேர்க்க உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ், டீக்கடை வைக்க லைசென்ஸ். ஆனால் அந்த ஒயரையும் குழாயையும் தாங்கி நிற்கிற சுவரை எழுப்பும் ஆளுக்கு? உங்கள் தலைக்கு மேல் கான்கிரீட் கூரை போடும் ஆளுக்கு?

ஒன்றும் வேண்டாம். நாளைக் காலையில் நீங்களோ நானோ ‘பில்டிங் கான்ட்ராக்டர்’ என்று கார்டு அடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். தனியார் வீடு கட்டித் தரும் ஆளின் தொழில் தெரிந்த கையைச் சோதித்து இவர் கட்டலாம் என்று சொல்லும் அலுவலகம் எதுவும் கிடையாது.

என் அப்பா அப்படிப்பட்ட கான்ட்ராக்டர்களில் ஒருவர். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியாளாக வந்து, கரண்டி பிடிக்கப் பழகி, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கடைசியில் ‘கான்ட்ராக்டர்’ என்ற பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டவர். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் அவர் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. அந்த வீடுகளின் எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை. நூற்றைம்பது வருடமாக அனுமதி, ஒப்புதல், சான்று, ரசீது என்று காகிதம் சேர்த்துக்கொண்டே வரும் ஒரு நகரத்தில் கட்டியவன் பெயர் மட்டும் எப்படி விடுபட்டது என்ற கேள்வியோடுதான் பழைய சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

*

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். ‘மேஸ்திரி’ போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். ‘மராமத்து’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. ‘கான்ட்ராக்டர்’ இங்கிலீஷ். கொத்தனார் மட்டும்தான் உள்ளூர்ச் சொல். மற்றதெல்லாம் அவனிடம் வேலை வாங்கியவர்கள் வைத்த பெயர்கள்.

பழைய மராமத்து ஏற்பாடுகள் போய் மதராஸில் பொதுப்பணித்துறை உருவானது 1858இல். பாலம், கால்வாய், கச்சேரி, கல்லூரி என்று அரசு கட்டத் தொடங்கியதும் வேலையை மொத்தமாக எடுத்துச் செய்து கொடுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் காலத்து மதராஸின் மிகப் பெரிய பெயர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. உயர்நீதிமன்றம், விக்டோரியா பப்ளிக் ஹால், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் கன்னிமாரா நூலகம் என்று இன்று நாம் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் சிவப்புக் கட்டடங்களில் பல அவர் கான்ட்ராக்டில் எழுந்தவை. கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடும் அவருடையதுதான்.

உயர்நீதிமன்ற வேலை 1888இல் தொடங்கி 1892இல் முடிந்தது. வரைபடத்துக்குப் பிராசிங்டன், பிறகு ஹென்றி இர்வின் என்று இரண்டு பெயர்கள் பதிவில் இருக்கின்றன. மதிப்பீடு 9,45,000 ரூபாய், முடிந்தபோது ஆன செலவு 12,98,163 ரூபாய். எஸ்டிமேட்டைத் தாண்டிப் போவது நம் காலத்து நோய் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

அரசு இப்படிப்பட்ட கான்ட்ராக்டரிடம் பார்த்தது என்ன? முதலில் கையிருப்பு. பில் பாஸாகும்வரை கூலியும் செங்கல் விலையும் கொடுத்துத் தாக்குப்பிடிக்க முடியுமா என்பது. இந்த அளவுகோல்தான் பிற்பாடு பதிவு முறையாக வளர்ந்தது. இன்றும் பொதுப்பணித்துறையிலோ மாநகராட்சியிலோ கான்ட்ராக்டராகப் பதிய வகுப்புகள் உண்டு. எந்த வகுப்போ அந்தத் தொகை வரைக்கும்தான் டெண்டர் போடலாம். முன்பு செய்த வேலைக்குச் சான்று வேண்டும். சொத்து மதிப்புச் சான்று வேண்டும். டெண்டரோடு முன்வைப்புத் தொகை, வேலை கிடைத்தால் பிணைத்தொகை, ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் பிடித்தம். டெண்டர் பெட்டியைச் சுற்றி நடந்த கூத்துகளைக் கட்டுப்படுத்த 1998இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2000இல்.

இதெல்லாம் அரசு தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட வேலி. தப்பில்லை. ஆனால் அந்த வேலி அரசு வேலைக்கு மட்டும்தான். நகரத்தின் பெரும்பகுதியைக் கட்டியது அரசு இல்லையே.

*

1901இல் மதராஸின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. 1951இல் பதினான்கு லட்சம். அந்த ஐம்பது வருடத்துக்கு நடுவில்தான் இரண்டு முக்கியமான சட்டங்கள் வந்தன. ஒன்று 1919ஆம் ஆண்டின் மதராஸ் மாநகராட்சிச் சட்டம். மற்றது 1920ஆம் ஆண்டின் மதராஸ் நகரமைப்புச் சட்டம். நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கம் இருந்த பெரிய ஏரி வற்றி, 1920களில் தியாகராய நகர் மனைகளாகப் பிரிந்த காலம் அது.

மாநகராட்சிச் சட்டம் வீடு கட்டுபவரைப் பார்த்துப் பேசுகிறது. விண்ணப்பம் போடு, மனையின் வரைபடத்தைக் கொடு, தரைப்படம், முகப்புப்படம் கொடு, என்ன பொருளால் கட்டப்போகிறாய் என்று எழுது. ஆணையர் பார்த்து அனுமதி கொடுப்பார். குடிசைக்குத் தனிப் பிரிவு. சட்டத்தில் ‘கட்டுபவர்’ என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர். கரண்டி பிடித்தவன் அதில் வரவே இல்லை.

அன்றைக்கு அது பெரிய ஓட்டையாகத் தெரிந்திருக்காது. செங்கல், சுண்ணாம்பு, மரக்கட்டை, அதன்மேல் செங்குத்தாகச் செங்கல் அடுக்கிப் போடும் ‘மதராஸ் டெரஸ்’ கூரை. கட்டியவனும் கட்டச் சொன்னவனும் தலைமுறைகளாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். தப்பு நடந்தால் சுவர் விரிசல் விட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் அதே சட்ட அமைப்பு பிறகு கம்பியும் கான்கிரீட்டும் வந்தபோதும் மாறாமல் நின்றது. கான்கிரீட் வேறு மாதிரி. வெளியே வழவழவென்று பூசியிருக்கும், உள்ளே கம்பி எத்தனை எம்எம், சிமென்ட் எத்தனை மூட்டை என்பது போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வரைபடம் வரைகிறவருக்கு மாநகராட்சி உரிமம் கொடுத்தது. ‘லைசென்ஸ்டு சர்வேயர்’ என்பார்கள். பேச்சுவழக்கில் எல்.பி.எஸ். வரைபடத்தில் அவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். ஆக, காகிதத்தில் வரையப்பட்ட வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் கிடைத்தார். மண்ணில் எழுந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே வீடுதானே என்று நீங்கள் கேட்டால் சென்னையில் நீங்கள் வீடு கட்டியதில்லை என்று அர்த்தம்.

*

அப்பாவிடம் நீளமான கணக்கு நோட்டுகள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டு. கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று வேலையின் வரிசையிலேயே பக்கங்கள் போகும். செங்கல், மணல், ஜல்லி, கம்பி, சென்டரிங் வாடகை, ஆள் கூலி, வாசக்கால் வைக்கும் நாளின் பூஜைச் செலவு வரை எழுதியிருப்பார். எல்லா நோட்டிலும் ‘இதரம்’ என்று ஒரு தலைப்பு. அதன்கீழே தேதியும் தொகையும் மட்டும் இருக்கும், எதற்கென்று இருக்காது. வந்து நின்ற ஆட்கள், வண்டியில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டவர்கள், ‘மேல சொல்லணும்’ என்றவர்கள். அந்த அலுவலகங்களின் பெயரை அவர் எழுதவே இல்லை, நானும் எழுதப்போவதில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போதே இதரத்தையும் உள்ளே வைத்துத்தான் பேசுவார். வைக்காத வருடங்களில் அது அவர் கூலியிலிருந்து போனது.

அனுமதியின் செலவு என்பது ரசீதில் இருக்கும் தொகை மட்டுமில்லை. நிலத்தின் காலிமனை வரி கட்டிய ரசீது, பரிசீலனைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், தொழிலாளர் நல நிதி, குடிநீர் இணைப்பு, அதற்குச் சாலையை வெட்டும் கட்டணம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கவுன்ட்டர், ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் காத்திருப்பு. காத்திருக்கும் நாட்களில் ஆட்களைச் சும்மா உட்காரவைக்க முடியாது, விட்டால் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். பெரிய கம்பெனிகளில் இதைப் பார்க்கத் தனி ஆள் உண்டு. மேஸ்திரிக்கு எல்லாம் அவரேதான்.

ஆனால் நோட்டுகளைப் புரட்டும்போது பணத்தைவிட வேறொன்று என்னை நிறுத்தியது. பல வீடுகளில், பாதி வேலையில், ‘கூடுதல்’ என்று ஒரு பக்கம் வரும். பிளானில் இல்லாத ஒரு அறை, பின்பக்கம் விடவேண்டிய இடத்தில் ஒரு கழிப்பறை, மாடிக்கு மேல் இன்னொரு மாடி. வீட்டுக்காரர் ஆசைப்படுவார். “கடைக்கால் ரெண்டு மாடிக்குத்தான் சார் போட்டிருக்கு” என்று அப்பா சொல்வார். “அதெல்லாம் தாங்கும் மேஸ்திரி, நீங்க போடுங்க” என்பார் அவர்.

“நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எதை வச்சிடா சொல்றது? நான் மாட்டேன்னா அடுத்த தெருவுல ஒரு மேஸ்திரி நிக்கிறான். எல்.பி.எஸ்.னா லைசென்ஸ் போயிடும் சார்னு சொல்லலாம். எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?”

உரிமம் பற்றி நான் படித்த எல்லாச் சட்டங்களையும்விட இந்த ஒரு பதில் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. உரிமம் என்றால் வேலை செய்வதற்கான அனுமதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘இதைச் செய்ய மாட்டேன்’ என்று சொல்லும் பலமும் அதில்தான் இருக்கிறது. இழப்பதற்கு ஒரு காகிதம் இருப்பவன்தான் மறுக்க முடியும்.

*

1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் 1970களில் பெருநகர வளர்ச்சிக் குழுமம். 1975இல் முதல் மாஸ்டர் பிளான். அதோடு சென்னைக்காரர்களின் பேச்சில் ‘எஃப்.எஸ்.ஐ.’ என்ற மூன்றெழுத்து நுழைந்தது. ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றால் மொத்தம் 3,600 சதுர அடி. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்த காலத்தில் அந்த எண்ணுக்கும் ஆசைக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் ஊரின் முக்கிய வியாபாரமானது.

விதிமீறல் பெருகியபோது அரசு என்ன செய்தது? விலக்கு கொடுத்தது. 113ஆம் பிரிவின்கீழ் தனித்தனி ஆணைகளாகக் கொடுத்த விலக்குகளில் 64 உச்சநீதிமன்றம் வரை போயின. 2000இல் நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என்றது, ஆணைகளில் 62ஐ ரத்து செய்தது. அதற்குள் 1998இல் 113-ஏ என்ற புதிய பிரிவு வந்துவிட்டது. கட்டணம் கட்டினால் மீறல் முறைப்படுத்தப்படும். ஒருமுறைச் சலுகை என்றார்கள், பிறகு கெடுத் தேதி நீண்டுகொண்டே போனது. அந்த நீட்டிப்புகளை 2006இல் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2011 அக்டோபர் கடைசியில் தியாகராய நகர்க் கடைகளுக்குச் சீல் வைத்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. குடியிருப்புக்கென்று 1920களில் பிரித்த மனைகள் அவை.

இந்த முப்பது வருட வழக்குகளில் சொந்தக்காரர் இருக்கிறார், புரமோட்டர் இருக்கிறார், அதிகாரி இருக்கிறார். கட்டிய மேஸ்திரி எங்கும் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. சாட்சிகூட இல்லை.

ஒரே ஒரு இடத்தில் அவருக்குக் காகிதம் கிடைத்தது. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் தொடர்ந்து போராடியதில் 1994இல் நல வாரியம் அமைந்தது. அப்பாவிடம் அந்த வாரிய அட்டை இருந்தது, பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார். அரசாங்கத்தின் பார்வையில் அவர் உதவி பெறத் தகுதியான தொழிலாளி. நிதி எங்கிருந்து வருகிறது? கட்டட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் 1% என்று கட்டுகிறார்களே, அதிலிருந்துதான். அனுமதிக் காகிதத்தில் தொழிலாளிக்கு ஒரு சதவீதம் இருந்தது. கட்டுபவன் என்று ஒரு வரி இல்லை.

*

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூருக்குப் பக்கத்தில் மவுலிவாக்கம். மழை பெய்துகொண்டிருந்தது. கட்டி முடியும் நிலையில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் நேரலை ஓடியது. சில நொடிகளில் எல்லாம் தூசி.

அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை. நாற்பது வருடமாக நாம் உருவாக்கிய அனுமதி முறை மனையின் அகலத்தை அளந்தது, பக்கவாட்டில் எத்தனை அடி விட்டிருக்கிறது என்று அளந்தது, சாலையின் அகலத்தைக் கேட்டது. மண் தாங்குமா, தூண் தாங்குமா, போடுகிறவருக்குப் போடத் தெரியுமா என்ற கேள்விகளைக் கையெழுத்துகளிடம் விட்டுவிட்டது. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. “யாராவது ஒரு மேஸ்திரிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்டா” என்று மட்டும் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அவர் போய்ச் சொல்ல ஒரு இடம் இருந்திருக்குமா?

அதன் பிறகு விதிகள் மாறின. ஏற்கெனவே 2002இல் நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்திருந்தது. 2016இன் ரியல் எஸ்டேட் சட்டம், கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடம் புரமோட்டர் பொறுப்பு என்றது. 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று பதிவு பெற்ற ஆட்களின் பட்டியல் ஒன்று முதல்முறையாக ஒழுங்காக எழுதப்பட்டது. அதே விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ. 1.5இலிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி 4,800 ஆனது.

பட்டியல் நல்ல பட்டியல். பெரிய கட்டடங்களுக்கு அது நிச்சயம் பாதுகாப்பு. ஆனால் அடுத்தவர் மனையில் சதுர அடிக் கணக்கில் வீடு கட்டித் தரும் சிறிய கான்ட்ராக்டர் அதிலும் இல்லை. சென்னையின் புறநகர்த் தெருக்களைக் கட்டிக்கொண்டிருப்பது அவர்தான்.

2024 ஜூலையில் அரசு இன்னொரு படி போனது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று போதும். ஆன்லைனில் விவரத்தைக் கொடுத்து மொத்தக் கட்டணத்தைக் கட்டினால் உடனே அனுமதி. பரிசீலனைக் கட்டணமும் கிடையாது. அப்பாவின் ‘இதரம்’ தலைப்பை அறிந்தவன் என்ற முறையில் இதை நான் மனதார வரவேற்கிறேன். அலைச்சல் குறைந்தால் கூலி மிஞ்சும். ஆனால் அலுவலகம் விலகிக்கொண்ட இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? சொந்தக்காரரின் உறுதிமொழியும் மேஸ்திரியின் மனசாட்சியும். உறுதிமொழி பதிவாகிறது. மனசாட்சிக்கு இன்னும் காகிதம் இல்லை.

*

மேஸ்திரிக்கும் லைசென்ஸ் என்றால் அது இன்னொரு கவுன்ட்டர்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். டிப்ளமோ இருந்தால்தான் தருவோம் என்று நாளைக்கு ஒரு விதி வந்தால், முப்பது வருடம் ரூஃப் போட்டவர் வெளியே நிற்பார், நேற்றுப் படித்து முடித்தவரின் சான்றிதழை மாத வாடகைக்கு எடுத்து வேலை நடக்கும். ஜி.எஸ்.டி.யில் நடந்ததைப் பார்த்தாலே தெரியும். தனி வீட்டுக்குப் பொருள் இல்லாமல் ஆள்கூலி மட்டும் எடுத்தால் வரி கிடையாது. பொருளோடு எடுத்து, வருட வரவு வரம்பைத் தாண்டினால் 18%. அதனால் பல மேஸ்திரிகள் பொருளை வீட்டுக்காரர் பெயரிலேயே வாங்க வைக்கிறார்கள். எந்த விதியும் தரைக்கு வரும்போது வளைந்துதான் வரும்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். ஒயர்மேனுக்கு அனுபவத்தையும் கணக்கில் எடுத்துச் சான்று கொடுக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. பிளம்பருக்குத் தெரிந்திருக்கிறது. கம்பி கட்டவும், கலவை போடவும், சென்டரிங்கை எத்தனையாவது நாளில் பிரிக்கலாம் என்று சொல்லவும் தெரிந்தவரைக் கட்டடத்தில் வைத்தே சோதித்து, கட்டணம் வாங்காமல் ஒரு பதிவு கொடுக்க முடியும். நல வாரியத்தில் ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்கலாம். சுயசான்று படிவத்தில் ‘கட்டுபவர்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். சைட்டில் மாட்டும் பலகையில் சொந்தக்காரர், பொறியாளர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுத இடம் இருக்கிறது.

அப்படி ஒரு வரி இருந்தால், “அதெல்லாம் தாங்கும் மேஸ்திரி, போடுங்க” என்று ஒருவர் சொல்லும்போது, “என் பேர் போட்டிருக்கு சார், முடியாது” என்று இன்னொருவர் சொல்லலாம். இன்றைக்கு மடிப்பாக்கத்திலோ படப்பையிலோ பாதி எழுந்த ஒரு மாடியில் நின்றுகொண்டு இந்தப் பேச்சை யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் சரி என்று சொல்லிவிடுவார். வேறென்ன சொல்ல முடியும்?